அதே மைக்செட், வேறு மண்டபம்: கச்சேரி ஏன் கலங்குகிறது?

சபா அரங்கில் தெளிவாகக் கேட்ட கச்சேரி, அதே மிக்ஸர், அதே ஸ்பீக்கர், அதே ஆளை வைத்தும் கல்யாண மண்டபத்தில் கலங்கிப்போனது ஏன், மிக்ஸிங் செய்தவர்மேல் தவறா, பெரிய ஸ்பீக்கர் எடுத்தால் தீருமா என்று கேட்டிருக்கிறீர்கள். மண்டபத்தின் குறையை மிக்ஸரில் உட்கார்ந்து திருத்த முடியுமா என்பதுதான் இதன் அடியில் இருக்கும் கேள்வி. கொஞ்சம் திருத்தலாம். பெரும்பகுதியைத் திருத்த முடியாது. பெரிய ஸ்பீக்கர் இந்தச் சிக்கலைத் தீர்க்காது, பல சமயம் கூட்டிவிடும். ஆனால் ஸ்பீக்கரை எங்கே வைக்கிறோம், எந்தப் பக்கம் திருப்புகிறோம், எத்தனை மைக் திறந்திருக்கிறது என்பவற்றை மாற்றினால் அதே மண்டபத்தில் நல்ல வித்தியாசம் கிடைக்கும்.

நாற்காலியில் இருப்பவர் காதுக்கு இரண்டு வகை ஒலி வருகிறது. ஒன்று ஸ்பீக்கரிலிருந்து நேராக வருவது. மற்றொன்று சுவர், கூரை, தரை எல்லாவற்றிலும் பட்டுப் பட்டு, எல்லாத் திசையிலிருந்தும் தாமதமாக வந்து சேரும் எதிர்முழக்கம். ஸ்வரமும் சாஹித்யமும் புரிவது முதல் வகையால். இரண்டாவது அளவோடு இருந்தால் பாட்டுக்கு ஒரு நிறைவு தரும், மிஞ்சினால் முந்தைய ஸ்வரம் அடங்குவதற்குள் அடுத்தது வந்து அதன்மேல் விழும். ஃபேடரை (மிக்ஸரில் ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுகட்டையை) ஏற்றினால் இரண்டும் ஒரே அளவில் ஏறுகின்றன, இறக்கினால் இரண்டும் சேர்ந்தே இறங்குகின்றன. இரண்டுக்கும் இடையே உள்ள விகிதம் அசைவதில்லை. கூடுதல் வாட்ஸ் பயன்படாததன் காரணம் இதுதான். ஈக்வலைசரும் அப்படியே: எந்த அலைவெண் (ஒலியின் தாழ்வு உயர்வு) எவ்வளவு உரக்க வர வேண்டும் என்பதை அது மாற்றும், அந்த ஒலி மண்டபத்துக்குள் எத்தனை விநாடி நிற்கும் என்பதை மாற்றாது.

எத்தனை விநாடி நிற்கும் என்பதற்குக் கணக்கு உண்டு. 1895-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரைக் கூடத்தில் பேச்சே புரியவில்லை என்று, அதைச் சரிசெய்யும் வேலையை இயற்பியலாளர் வாலஸ் சாபினிடம் ஒப்படைத்தார்கள். வேறொரு அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைச் சுமந்துவந்து போட்டு, ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் ஒலி அடங்கும் நேரத்தை அளந்து அவர் கண்டுபிடித்த வாய்ப்பாடு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: கூடத்தின் கன அளவை (கன மீட்டரில்) 0.161-ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சும் பரப்பால் (சதுர மீட்டரில்) வகுத்தால், ஒலி 60 டெசிபல் அடங்க ஆகும் விநாடிகள் கிடைக்கும். உங்களுடையது போன்ற ஒரு மண்டபத்தை எடுத்துக்கொள்வோம்: 30 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரம். கன அளவு 2,700. சுவர், தரை, கூரை சேர்ந்து 1,440 சதுர மீட்டர். கிரானைட் தரை, பூசிய சுவர், பிளாஸ்டிக் நாற்காலி. இவற்றில் எதுவும் ஒலியைக் குடிப்பதில்லை. கதவு, திரை எல்லாவற்றையும் சேர்த்து சராசரி 6 சதவீதம் உறிஞ்சுகிறது என்று வைத்தால் 86 சதுர மீட்டர். விடை: 5 விநாடி. மேடையில் ஒரு தட்டு தட்டினால் ஐந்து விநாடி மண்டபம் முழங்கும்.

இப்போது 400 பேர் வந்து உட்காருகிறார்கள். ஓர் ஆள் உடையோடு சேர்ந்து நடு அலைவெண்களில் ஏறத்தாழ 0.45 சதுர மீட்டர் அளவுக்கு உறிஞ்சுவார். 180 கூடுகிறது, நேரம் 1.6 விநாடிக்கு இறங்குகிறது. காலி மண்டபமும் நிறைந்த மண்டபமும் ஒலிக்கு இரண்டு வேறு மண்டபங்கள். நல்ல சபா அரங்கில் மெத்தை வைத்த நாற்காலிகள் இருப்பதால் ஆள் இல்லாதபோதே உறிஞ்சுதல் இருக்கும். அங்கே மாலை நாலு மணிக்குச் செய்த சவுண்ட் செக் ஆறரை மணிக்கும் ஓரளவு பொருந்தும். மண்டபத்தில் பொருந்தாது. காலி மண்டபத்தில் குரல் குழம்புகிறதே என்று நடு அலைவெண்களை வெட்டி வைத்தால், கூட்டம் நிறைந்ததும் குரல் சவசவ என்று ஆகிவிடும். ஆகவே மண்டபத்தில் சவுண்ட் செக்கின் வேலை மைக் கெயினை (மைக் ஒலியை மிக்ஸர் எடுக்கும் அளவை) சரிசெய்வது, மானிட்டர் (கலைஞர்கள் தங்களைக் கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கர்) சமநிலை, ஃபீட்பேக் (ஸ்பீக்கர் ஒலி மைக்கில் மீண்டும் புகுந்து விசிலடிப்பது) வரும் அலைவெண்களைக் கண்டுபிடிப்பது, இவ்வளவுதான். ஜனங்களுக்குப் போகும் முன் ஒலியின் தன்மையை முதல் வர்ணத்தின்போது, ஜனங்கள் உட்கார்ந்த பிறகுதான் சரிசெய்ய வேண்டும்.

அடுத்த கணக்கு இன்னும் முக்கியம். நேர் ஒலியும் எதிர்முழக்கமும் சமமாகிற ஒரு தூரம் எந்த அறைக்கும் உண்டு. அதைத் தாண்டினால் அறையின் ஒலியே ஓங்கி நிற்கும். எல்லாத் திசையிலும் ஒலி சிதறும் ஒரு மூலத்துக்கு, நம் மண்டபம் நிறைந்திருக்கும்போது அந்தத் தூரம் 2.3 மீட்டர்தான். 90 பாகை அகலம், 50 பாகை உயரத்துக்குள் ஒலியை அடக்கும் ஹார்ன் உள்ள ஸ்பீக்கருக்கு அது ஏழு மீட்டர் சொச்சம். மண்டபம் காலியாக இருந்தால் நாலு மீட்டர். அதாவது, மேடை முன்னால் இரண்டு ஸ்பீக்கர் வைத்துவிட்டு 27 மீட்டர் தள்ளி இருப்பவருக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும் என்றால் நடக்காது. இரண்டு வழிகள்தான் உண்டு: ஒலியைக் குறுகலாக ஆட்கள்மேல் மட்டும் பாய்ச்சுவது, அல்லது ஸ்பீக்கரை ஆட்களுக்குப் பக்கத்தில் கொண்டுபோவது.

முதல் வழிக்கு உயரம் வேண்டும். தரையிலோ மேடை ஓரத்திலோ வைத்த ஸ்பீக்கர், 3 மீட்டரில் இருப்பவருக்கும் 27 மீட்டரில் இருப்பவருக்கும் இடையே நேர் ஒலியில் 19 டெசிபல் வித்தியாசம் காட்டும். முன்வரிசை காதைப் பொத்தும், பின்வரிசைக்கு முன்வரிசையின் தலைகள் மறைக்கும். அதையே 5 மீட்டர் உயரத்தில் ஏற்றினால் வித்தியாசம் 15 டெசிபலாகும். முன்வரிசை ஹார்னின் நேர்க்கோட்டிலிருந்து விலகியிருப்பதால் இன்னும் சில டெசிபல் குறையும். ஏற்றியபின் கீழ்நோக்கிச் சாய்க்க மறக்கக் கூடாது. ஹார்னின் மேல் விளிம்பு கடைசி வரிசைத் தலைகளோடு முடிய வேண்டும், பின்சுவரில் படக் கூடாது. ஆட்கள்மேல் விழும் ஒலி பாதி அங்கேயே அடங்கிவிடும், சுவர்மேல் விழுவது திரும்பி வரும். ஐந்து மீட்டருக்கு ஸ்டாண்டு ஏற்றுவதானால் கால்களில் மணல் மூட்டை போட்டு, மேலே ஒரு பாதுகாப்புக் கயிறும் கட்ட வேண்டும். சாதாரண ட்ரைபாடு இதற்கு ஆகாது.

இரண்டாவது வழி, மண்டபத்தின் பாதியில் இரண்டு சிறிய ஸ்பீக்கர். அவை முன் ஸ்பீக்கரிலிருந்து 15 மீட்டர் தள்ளி இருந்தால், 30 பாகை வெப்பத்தில் ஒலி அங்கே வந்து சேர 43 மில்லி விநாடி ஆகும் (மீட்டருக்கு ஏறக்குறைய 2.9). அவ்வளவு டிலே (செயற்கைத் தாமதம்) கொடுத்து, அதற்குமேல் இன்னும் 10 முதல் 15 மில்லி விநாடி சேர்க்க வேண்டும். முதலில் வந்த ஒலியின் திசையையே காது நம்பும் என்பதை ஜெர்மானிய ஆய்வாளர் ஹெல்முட் ஹாஸ் 1949-ல் காட்டினார். பின்னால் வருவது ஓரளவு உரக்க இருந்தாலும் பாட்டு மேடையிலிருந்து வருவதாகவே தோன்றும். இந்தச் சிறு ஸ்பீக்கர்களில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடலாம், அங்கே தேவைப்படுவது எழுத்துத் தெளிவு மட்டும். டிலே இல்லாமல் வைத்தால் வைக்காததைவிட மோசம். இதோடு சேர்ந்த ஒரு பெரிய தொல்லை: மண்டபத்துக்கே சொந்தமாகச் சுவரில் பத்துப் பன்னிரண்டு ஸ்பீக்கர் மாட்டியிருப்பார்கள், நாதஸ்வரத்துக்காக. “அதையும் சேர்த்துவிட்டால் எல்லாருக்கும் கேட்குமே” என்று யாராவது இணைத்துவிடுவார்கள். டிலே இல்லாத பத்து ஸ்பீக்கர், பத்து வேறு நேரத்தில் ஒரே ஸ்வரத்தைச் சொல்லும். கச்சேரிக்கு முன் மேலாளரிடம் சொல்லி அந்த ஆம்பிளிஃபையரை அணைத்துவிடுங்கள். செலவே இல்லாத திருத்தம் இது, பல மண்டபங்களில் இதுவே பாதித் தெளிவைக் கொண்டுவந்துவிடும்.

மிருதங்கம்தான் மண்டபத்தில் முதலில் கெடுகிறது. வலந்தலைச் (வலப்பக்கம்) சொற்கள் கேட்கும், தொப்பி (இடப்பக்கம்) மட்டும் ஒரே கும் என்று பரவும். மனித உடலும் திரையும் கீழ் அலைவெண்களை அதிகம் உறிஞ்சுவதில்லை. 125 ஹெர்ட்ஸில் ஓர் ஆளுக்கு 0.2 சதுர மீட்டர் என்று வைத்தால், நடுப்பகுதியில் 1.6 விநாடியாக இருந்த அதே நிறைந்த மண்டபம் கீழ்ப்பகுதியில் 2.6 விநாடி. ஸ்பீக்கரும் அந்த அலைவெண்ணில் திசை பிடிப்பதில்லை, சுற்றிலும் சிதறுகிறது. எனவே இரண்டு மீட்டரைத் தாண்டினால் கீழ் ஒலி முழுக்க மண்டபத்தின் ஒலிதான். மின்பெருக்கிய இசைக்கான டென்மார்க் அரங்குகளை ஆராய்ந்தபோதும் இதே முடிவுதான் வந்தது: இசைக்கலைஞர்களும் ஒலிப்பொறியாளர்களும் நல்ல மதிப்பெண் கொடுத்த அரங்குகளில் எதிர்முழக்கம் அளவுக்கேற்ப 0.6 முதல் 1.2 விநாடிக்குள், கீழிருந்து மேல்வரை ஏறத்தாழ சமமாக இருந்தது. மோசம் என்று சொன்னவற்றில் 125 ஹெர்ட்ஸ் பகுதி நீண்டிருந்தது.

ஆகவே கர்நாடக இசைக் கச்சேரிக்கு மண்டபத்தில் சப்வூஃபரே (கீழ் ஒலிக்கான தனி ஸ்பீக்கரே) வேண்டாம் என்பது என் கருத்து. வாடகைக்காரர் செட்டோடு கொண்டுவந்திருந்தால் அணைத்து வையுங்கள். மெல்லிசைக்கு அது வேண்டுமென்றால் இரண்டையும் மேடை நடுவில் சேர்த்து வையுங்கள். இடம் ஒன்று வலம் ஒன்று என்று பிரித்தால் நடுப்பாதையில் ஒலி குவிந்து பக்கங்களில் ஓட்டை விழும், சுவர் மூலையில் வைத்தால் தேவையில்லாமல் வீங்கும். பிறகு மைக்குகளில் கீழ்வெட்டு, அதாவது ஓர் அலைவெண்ணுக்குக் கீழே உள்ளதை மிக்ஸரில் வெட்டுவது. இதைக் கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது, பாடகரின் கட்டையைப் (சுருதியைப்) பார்க்க வேண்டும். ஒரு கட்டையில் பாடும் ஆண் பாடகருக்கு ஷட்ஜம் 131 ஹெர்ட்ஸ், மந்தர (கீழ்ஸ்தாயி) பஞ்சமம் 98. அவருக்கு 120-ல் வெட்டினால் கீழ்ஸ்தாயி சஞ்சாரமே வெளுத்துப்போகும், 80-ல் நிறுத்துங்கள். ஐந்து கட்டையில் பாடும் பெண் பாடகருக்கு ஷட்ஜம் 196, மந்தர பஞ்சமம் 147. 120 வரை தாராளமாக வெட்டலாம். வயலினின் கீழ்த்தந்தியும் பாடகரின் சுருதியைப் பொறுத்ததே, அதையும் கேட்டுத்தான் வெட்ட வேண்டும். தொப்பி மைக்கில் ஈக்வலைசரால் 100 முதல் 200 ஹெர்ட்ஸ் பகுதியை மூன்று நான்கு டெசிபல் இறக்கிப் பார்க்கலாம். அதற்குமேல் போனால் தோலின் ஒலி போய்ப் பலகையின் ஒலி வந்துவிடும்.

இதுவரை சொன்னது எதிர்முழக்கம். எதிரொலி வேறு. மேடையில் தட்டிய ஒரு சொல் 28 மீட்டர் தள்ளியுள்ள பின்சுவரில் பட்டு மேடைக்கே திரும்ப 160 மில்லி விநாடி ஆகும். 50-ஐத் தாண்டினாலே காது அதைத் தனி ஒலியாகப் பிரித்துக் கேட்கும். முன்வரிசையும் மேடையும்தான் அதிகம் பாதிக்கப்படும், மிருதங்கக்காரருக்குத் தாளமே இரண்டாகக் கேட்கும். பின்சுவர் வளைந்திருந்தாலோ மேலே குவிமாடம் இருந்தாலோ அந்த ஒலி ஓரிடத்தில் குவிந்து விழும். லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால் 1871-ல் திறந்த நாளிலிருந்தே குவிமாடத்தின் எதிரொலியால் அவதிப்பட்டு, 1969-ல் கூரையிலிருந்து கண்ணாடியிழை வட்டுகளைத் தொங்கவிட்ட பிறகுதான் பெருமளவு மீண்டது. உங்களுக்கு அவ்வளவு வேண்டாம். ஸ்பீக்கரைக் கீழே சாய்ப்பது பாதி வேலையை முடிக்கும். மீதிக்கு, பின்சுவரில் கனத்த வெல்வெட் திரையை, சுவரின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு துணி எடுத்து மடிப்பு மடிப்பாக, சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளித் தொங்கவிடுங்கள். அலங்காரத்துக்குக் கட்டும் மெல்லிய சாட்டின் துணி ஒலிக்கு இல்லாததுபோலத்தான்.

மேடைக்கு வருவோம். கல்யாண மேடை மூன்று பக்கமும் சுவருள்ள ஒரு பொந்து. மானிட்டர் ஸ்பீக்கர் கலைஞரைப் பார்த்துப் பாடுகிறது, அந்த ஒலி பின்னால் உள்ள கல்சுவரிலோ ஃப்ளெக்ஸ் பேனரிலோ பட்டு, மைக்கின் முகத்துக்கு நேராகத் திரும்புகிறது. ஃபீட்பேக் விசில் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது, முன் ஸ்பீக்கரால் அல்ல. பேனருக்குப் பதில் கனத்த துணியைப் பின்னணியாகக் கட்டினாலே, ஃபீட்பேக் வராமல் ஒலியைக் கூட்ட இரண்டு மூன்று டெசிபல் இடம் கிடைக்கும். மைக்கின் வகையையும் பாருங்கள். கார்டியாய்டு மைக்குக்கு நேர் பின்புறம் செவிடு, மானிட்டரை அங்கே வைக்கலாம். சூப்பர்கார்டியாய்டுக்கு நேர் பின்புறம் கொஞ்சம் கேட்கும், பின்பக்கம் இரு ஓரங்களில் (முகத்திலிருந்து சுமார் 125 பாகையில்) தான் செவிடு. மைக்கை மாற்றிவிட்டு மானிட்டரை இருந்த இடத்திலேயே விட்டால் விசில் வராமல் என்ன செய்யும்?

திறந்திருக்கும் மைக் ஒன்று இரண்டானால், ஃபீட்பேக்குக்கு முன் கிடைக்கும் இடம் 3 டெசிபல் குறையும். ஆறு மைக் என்றால் ஏறக்குறைய 8 டெசிபல் போயிற்று. ஒவ்வொரு மைக்கும் மேடையின் கலவையான ஒலியையும் மண்டபத்தின் முழக்கத்தையும் சேர்த்து அள்ளுகிறது. எனவே தனி ஆவர்த்தனம்வரை கஞ்சிரா மைக் தேவையில்லை என்றால் மூடி வையுங்கள். மின்தம்புராவை மைக் வைத்துப் பிடிக்காமல் ஒயரிலேயே மிக்ஸருக்கு எடுங்கள். பாடகர் மைக்கிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி இருந்தவர் 15-க்கு வந்தால் 6 டெசிபல் சும்மா கிடைக்கிறது. எந்தக் கருவியும் இவ்வளவு மலிவாக அதைத் தராது. மிக்ஸரில் பழக்கத்தால் எப்போதும் போட்டுவைக்கும் ரிவெர்பை (செயற்கை எதிர்முழக்கத்தை) அணையுங்கள், மண்டபம் ஏற்கெனவே போதுமான அளவு போடுகிறது. கம்ப்ரெஸரில் (உரத்த ஒலியை அடக்கும் கருவியில்), அடக்கியதை ஈடுகட்டும் மேக்கப் கெயின் 6 டெசிபல் கூட்டினால் ஃபீட்பேக் வரம்புக்கு 6 டெசிபல் நெருங்கிவிட்டீர்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மேடை உள்ளே கூடாக, பலகை போட்டதாக இருந்தால் கால்தாளமும் தொப்பியும் மைக் ஸ்டாண்டு வழியாகவே ஏறும். ஸ்டாண்டின் அடியில் தடித்த ரப்பரோ ஸ்பாஞ்சோ வைத்தால் அடங்கும், ஜமக்காளம் போதாது.

மிக்ஸர் எங்கே இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. மண்டபத்தில் பிளக் பாயிண்ட் எங்கே இருக்கிறதோ அங்கே உட்கார வைக்கிறார்கள்: மேடைப் பக்கவாட்டில், அல்லது பின்சுவரை ஒட்டி, அல்லது பால்கனிக்கு அடியில். பின்சுவரை ஒட்டினால் கீழ் ஒலி வீங்கிக் கேட்கும், மிக்ஸிங் செய்பவர் அதை வெட்டுவார், நடுவில் இருப்பவர்களுக்குப் பாட்டு ஒல்லியாகும். ஆழமான பால்கனிக்கு அடியில் மேல் அலைவெண்கள் வந்து சேராது, அவர் ட்ரிபிளைக் கூட்டுவார், முன்வரிசைக்குக் காது கூசும். பால்கனியின் ஆழம் அதன் அடி வாய் உயரத்தைவிட மிஞ்சினால் அங்கே தனி ஸ்பீக்கர் வைக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மிக்ஸருக்கு நல்ல இடம், ஜனங்களுக்கு நடுவே, மேடையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில், நட்டநடுக் கோட்டிலிருந்து ஓரிரு மீட்டர் விலகி. பத்து நாற்காலி போகும், கேபிள் நீளும். ஆனாலும் கொடுங்கள். முடியவில்லை என்றால் அவர் ஒவ்வொரு உருப்படிக்கும் இடையில் எழுந்து நடந்து கேட்டுவர ஓர் உதவியாளராவது இருக்கட்டும்.

இதில் எது உறுதி, எது அப்படியல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். தூரம், தாமதம், மைக் எண்ணிக்கை இவை இயற்பியல், எந்த மண்டபத்திலும் மாறாது. எதிர்முழக்கக் கணக்கு தோராயம். அது ஒலி எல்லாப் பக்கமும் சீராகப் பரவுவதாக எண்ணிக்கொண்டு போடும் கணக்கு, தாழ்ந்த கூரையும் நீண்ட தரையும் உள்ள இடங்களில் அளந்தால் வேறாக வரும். நான் வைத்த 6 சதவீதம் உங்கள் மண்டபத்தில் 4 ஆகவோ 9 ஆகவோ இருக்கலாம், ஆள் வைத்து அளக்காமல் தெரியாது. சப்வூஃபர் வேண்டாம் என்பதும், ரிவெர்பை அணைக்கச் சொன்னதும் என் ரசனை சார்ந்த தீர்ப்பு. மிக்ஸிங் செய்தவர்மேல் தவறா என்று நேரடியாகக் கேட்டிருக்கிறீர்கள், அதைப் பார்க்காமல் சொல்வது அவருக்கு அநியாயம்.

மண்டபம் உங்கள் சங்கத்துடையது, நிரந்தரமாக ஏதாவது செய்யலாம் என்றால்: காலியாக 5 விநாடியை 2.5 ஆக்க இன்னும் 86 சதுர மீட்டர் முழு உறிஞ்சுதல் வேண்டும். நாலு மூலையில் நாலு பலகை மாட்டுவதால் எதுவும் நடக்காது. பின்சுவர் முழுக்க முதலில், மீதி கூரையில். ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் போட்டால் தீரும் என்று சொல்வார்கள். அது நடு அலைவெண்களைச் சுவரைப்போலவே திருப்பி அனுப்பும். மினரல் ஃபைபர் பலகையோ, துணி போர்த்திய 50 மில்லிமீட்டர் ராக்வூலோதான் வேலை செய்யும். கீழ் அலைவெண்களுக்கும் வேண்டுமென்றால் 100 மில்லிமீட்டரும் பின்னால் காற்று இடைவெளியும் தேவை. முட்டை அட்டை ஒட்டுவதால் பயனில்லை. சாதாரண ஸ்பாஞ்ச் ஒட்டவே கூடாது: 2003-ல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஓர் இசைக்கூடத்தில், ஒலியை அடக்க ஒட்டியிருந்த பாலியூரித்தேன் ஸ்பாஞ்சில் வாணவேடிக்கைப் பொறி பட்டு 100 பேர் இறந்தார்கள். குத்துவிளக்கும் கற்பூரமும் ஹோமமும் உள்ள மண்டபத்தில், தீ பிடிக்காத பொருள் என்று சோதனைச் சான்றிதழ் காட்டாத எதையும், திரைத் துணி உட்பட, உள்ளே விடாதீர்கள்.